மலைக்கேற்ற நத்தார் கேக்கும் மழை தாங்கும் நட்சத்திரக் கூடும்

தங்கச்சி, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். போன நத்தாருக்குப் போட்ட பட்டர் கேக் நன்றாக எழும்பி, கடைசியில் நடுவில் குழி விழுந்துவிட்டது. பிள்ளைகள் செய்த நட்சத்திரக் கூடு இரண்டு இரவுச் சாரலில் சாயம் கரைந்து கிழிந்துபோனது. ஓவன் இல்லை, கையில் காசும் அதிகமில்லை. ஆனாலும் இந்த வருடம் அம்மா செய்ததுபோல எல்லாம் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்கிறீர்கள். செய்யலாம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

கேக் குழி விழுந்தது உங்கள் கைப்பிழை இல்லை. கொழும்பில் கடல் மட்டத்தில் சரிவரும் செய்முறையை நீங்கள் மலையில் வைத்துச் செய்திருக்கிறீர்கள், அதுதான் விஷயம். எனக்கும் இது நடந்தது. நான் பிறந்து வளர்ந்தது மாத்தளை. பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். கல்யாணம் முடித்து நுவரெலியாவுக்கு வந்த முதல் டிசம்பரில், வருடக்கணக்காகக் கைவந்த அதே கேக்கைப் போட்டேன். தட்டு விளிம்பைத் தாண்டி எழும்பியது, பிறகு கண்முன்னாலேயே அமுங்கியது. அழுகையே வந்துவிட்டது. என் மாமியின் அப்பா ஒரு துரை பங்களாவில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். மாமி கேக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மலையில மாவு தன்னால எழும்பும் புள்ள. நீ கொறச்சுப் போடு."

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கண்டி சுமார் 500 மீற்றர், ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். அழுத்தம் குறைந்த இடத்தில் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அதிகமாக விரியும். மா வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் அளவுக்கு மீறி எழும்பி, தாங்க ஒன்றுமில்லாமல் விழுந்துவிடும். தண்ணீரும் இங்கே சீக்கிரம் கொதிக்கும். ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதித்துவிடும். அதனால் ஈரம் வேகமாகப் போய், சீனியும் பட்டரும் மட்டும் கலவையில் செறிந்து நிற்கும். அதுவும் குழி விழ ஒரு காரணம்.

ஆகவே பட்டர் கேக் போடுவதானால், செய்முறையில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று இருந்தால் உங்கள் உயரத்துக்கு முக்கால் தேக்கரண்டி போதும். ஒரு கோப்பை சீனியில் ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள். ஒரு கோப்பை மாவுக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி பால் கூட்டுங்கள். சூட்டைப் பத்துப் பாகை அளவுக்குக் கூட்டினால் கேக் விழுவதற்கு முன் இறுகிவிடும். இன்னொன்று, நம் டிசம்பர்க் குளிரில் பட்டரும் முட்டையும் கல்லுபோல இருக்கும். குளிர்ந்த முட்டையை உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துவிடும். முட்டையை உடைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். பட்டரை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்குங்கள், ஆனால் உருக விடாதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், நத்தாருக்குப் பட்டர் கேக்கை விட்டுவிட்டு ரிச் கேக்குக்குப் போங்கள். அது பணக்கார வீட்டுக் கேக் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் மலைக்கு இதைவிடப் பொருத்தமான கேக் இல்லை. இலங்கை ரிச் கேக்கில் கோதுமை மா கிடையாது, ரவைதான். பேக்கிங் பவுடரும் தேவையில்லை. அடித்த முட்டைதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பாரமான, ஈரமான கேக் என்பதால் உயரம் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதில் போகும் விலை கூடிய பொருட்களில் பாதி நம் வேலி ஓரத்திலேயே காய்க்கிறது.

முக்கியமானது சௌசௌ. கடைப் போத்தலில் 'சௌ சௌ பிரிசர்வ்' என்று விலை கொடுத்து வாங்குவது நம் கொடியில் காய்க்கும் அதே காய்தான். நத்தாருக்கு ஒரு மாதம் முன்பே செய்துவைக்கலாம். தோல் சீவும்போது பால் கையில் ஒட்டித் தோலை இறுக்கும், அதனால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காயைச் சிறு சதுரமாக வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்தி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று, நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். சுண்ணாம்பைக் கரைத்து அடியில் படியவிட்டு மேலே தெளியும் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். அதுதான் துண்டுகள் குழையாமல் கடிபடும்படி வைத்திருக்கும். பிறகு நான்கைந்து தண்ணீரில் அலசி, கண்ணாடிபோல ஆகும்வரை அவித்து வடியுங்கள். முக்கால் கிலோ சீனியில் பாகு காய்ச்சி, துண்டுகளைப் போட்டு மெல்லிய தீயில் வற்றவிடுங்கள். பாகுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்கிறவர்கள் மலையில் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் இங்கே பாகும் நாலைந்து பாகை குறைவாகவே பதத்துக்கு வந்துவிடும். இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கும் கம்பிப் பதம் எந்த ஊரிலும் பொய் சொல்லாது. ஒரு கம்பி வந்ததும் இறக்குங்கள்.

கலந்த பழத்தோலுக்குப் பதிலாக நாரத்தங்காய்த் தோல் போடலாம். கசப்புப் போக மூன்று முறை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு சீனிப் பாகில் போடுங்கள். தேனுக்குப் பதிலாகக் கித்துள் பாணி. கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் எல்லாம் நம் நாட்டில் விளைகிறவைதான். தூள் பக்கற் வாங்காமல் முழுசாக வாங்கி அன்றைக்கே இடியுங்கள், வாசனை வேறாக இருக்கும்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு மாமியின் அளவு இது. அவர் இறாத்தலிலும் அவுன்சிலும் சொன்னதை நான் கிராமுக்கு மாற்றி எழுதிவைத்திருக்கிறேன். ரவை 125 கிராம், பட்டர் 125 கிராம், சீனி 200 கிராம், கஜு 125 கிராம், பிளம்ஸ் என்கிற உலர்திராட்சையும் சுல்தானாவும் சேர்த்து 350 கிராம், சௌசௌ 250 கிராம், சீனிப் பாகில் போட்ட நீற்றுப்பூசணி (தோசி) 150 கிராம், சீனியில் போட்ட இஞ்சி 50 கிராம், நாரத்தந்தோல் 50 கிராம். முட்டை மஞ்சள் கரு ஆறு, வெள்ளைக் கரு மூன்று. தேன் அல்லது பாணி இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் ஒரு மேசைக்கரண்டி, வனிலா கொஞ்சம், நான்கு வாசனைத் தூளும் அரை அரைத் தேக்கரண்டி. பட்டருக்குக் காசு போதாவிட்டால் பாதிக்கு அஸ்ட்ரா மாஜரின் போடலாம். 2022இல் பட்டரும் தட்டுப்பாடு, காஸும் தட்டுப்பாடு. அந்த வருடம் முழுக்க அஸ்ட்ராவில், விறகடுப்பில் செய்தோம். ருசி கொஞ்சம் குறைந்தது, கேக் குறையவில்லை.

பழங்களையெல்லாம் பொடியாக வெட்டி, வாசனைத் தூளும் மூன்று மேசைக்கரண்டி பிரண்டியும் சேர்த்துப் போத்தலில் அடைத்து நவம்பர் கடைசியிலேயே ஊறவைக்க வேண்டும். வீட்டில் மதுபானம் சேர்க்காதவர்கள் தோடம்பழச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, கேக் போடுவதற்கு முதல் நாள் ஊறவைத்தால் போதும். மாதக்கணக்கில் வைத்தால் புளித்துவிடும். பிரண்டி போட்ட கேக் நம் குளிரில் பல கிழமை இருக்கும். போடாததை ஒரு கிழமைக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

ரவையை வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் இளகிய பட்டரில் குழைத்து மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விட்டால் கேக் மணல்போல நறநறவென்று இருக்கும். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறி நுரைக்கும்வரை அடித்து, அதில் ரவையைச் சேர்த்து, பிறகு பழம், கஜு, பாணி, பன்னீர். கடைசியில் வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்து மெதுவாக மடித்துக் கலவுங்கள். தட்டுக்கு உள்ளே அடியிலும் பக்கத்திலும் மூன்று மடிப்புப் பழைய பத்திரிகைத் தாள், அதற்கு மேல் ஒயில் பேப்பர். சீனி கூடின கேக் ஆதலால் தாள் இல்லாவிட்டால் அடி கருகும்.

சரி, ஓவன் இல்லாமல் எப்படி? முதலில் உங்கள் டவுனில் விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாண் சுட்டு முடிந்த பிறகு போறணைச் செங்கல்லில் தேங்கி நிற்கும் சூடு, 150 பாகைக்குப் பக்கத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும் சூடு, ரிச் கேக்குக்கு என்றே அமைந்ததுபோல இருக்கும். முன்பு டிசம்பர் 20க்குப் பிறகு பின்னேரங்களில் பேக்கரிப் பின்வாசலில் தட்டுகளைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, குடையோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தட்டில் பெயர் எழுதிய துண்டு ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்துப் பேக்கரிக்காரர் ஒரு சிட்டிகை மாவைப் போறணைக்குள் தூவிப் பார்ப்பார். உடனே கறுத்தால் இன்னும் ஆற வேண்டும், மெதுவாகப் பொன்னிறமானால் தட்டை உள்ளே தள்ளலாம். ஒரு வருடம் வேறொரு இடத்தில் கொடுத்து, பாண் சூட்டிலேயே தள்ளிவிட்டார்கள். மேல் கரி, உள்ளே பச்சை. அதிலிருந்து நான் கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கையை விட்டுக் கொடுக்கிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பேக்கரி இல்லாவிட்டால் மணல் சட்டி. அடி தடித்த பெரிய சட்டியில் சலித்துக் காயவைத்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, இறுக மூடி, இருபது நிமிடம் சூடாக்கியபின் கேக் தட்டை வையுங்கள். தீ மிகக் குறைவாக, ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டே கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் திறக்கவே கூடாது. மேல்பக்கம் நிறம் வர, மூடி மேல் தகரத் தட்டு வைத்துச் சிரட்டைத் தணல் போடலாம். ஈர்க்கு குத்தி எடுத்தால் மா ஒட்டாமல், லேசான பிசுபிசுப்போடு வர வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்குக் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுக் காம்பராவுக்குள் தணல் வைக்காதீர்கள். தணலிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இஸ்தோப்பிலோ (முன் விறாந்தையிலோ) பின்பக்கமோ வைத்துச் செய்யுங்கள்.

இனி நட்சத்திரம். வெசாக் கூடு கட்டத் தெரிந்த பையன் யாராவது உங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருப்பான், அவனைக் கூப்பிடுங்கள். வேலை ஒன்றுதான். விரல் நகத்தின் அகலத்துக்குச் சீவிய மூங்கில் பத்துக் குச்சி, ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர். ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 சென்ரிமீற்றரில் அடையாளம் வையுங்கள், நடுவில் 14 மிஞ்சும். ஐந்து குச்சியை முனையோடு முனை கட்டும்போது குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாக அந்த அடையாளங்களில் விழுந்தால் நட்சத்திரம் கோணாது. பெரும்பாலும் கண் மதிப்பில் கட்டித்தான் ஒரு கால் நீண்டு, ஒரு கால் குட்டையாகிறது. இப்படி இரண்டு கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே வெட்டும் ஐந்து இடத்திலும் 12 சென்ரிமீற்றர்க் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு புடைத்துக்கொண்டு வரும்.

உங்கள் கூடு சாயம் போனதற்குக் காரணம் நிறத் தாள். டிசு தாளின் சாயம் தண்ணீரில் நிற்காது. வெள்ளைத் தாளை ஒட்டுங்கள், கரைவதற்குச் சாயமே இல்லை. நிறம் வேண்டுமென்றால் பழைய கலர் ஷொப்பிங் பையில் பூ, மணி என்று வெட்டி உள்பக்கமாக ஒட்டினால் விளக்குப் போட்டதும் தெரியும். மூடுபனி இறங்கும் இரவில் வெள்ளை நட்சத்திரம் எதிர் மலையிலிருந்தும் தெரியும். எனக்கு அதுதான் எப்போதும் அழகாகப் படுகிறது. முழுக்க வெளியே மழையில் தொங்கவிடுவதானால் தாளே வேண்டாம், மெல்லிய பொலிதீனை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சும்போது கடலையளவு படிகாரம் போட்டால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காது. உள்ளே மெழுகுதிரி வேண்டாம், சிறிய எல்ஈடி குமிழ் போதும். லயத்தில் ஒரு கூரையில் தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குஞ்சத்துக்குப் பால்மாப் பக்கற்றைக் கழுவி, உள்பக்க வெள்ளி தெரியும்படி நாடாவாக வெட்டுங்கள். மாமி சின்னப்பிள்ளையாக இருந்தபோது தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளில் இதைச் செய்வார்களாம். இப்போது அந்தப் பெட்டிகளே இல்லை.

மரத்துக்கு சைப்ரஸ் கிளை வெட்டுவதானால் தோட்டத்தில் கேட்டுவிட்டு ஒரு கிளை மட்டும் எடுங்கள். என் வீட்டில் பல வருடமாக மிலாறுதான், அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும்போது வெட்டி விழும் கிளைதான், நத்தார் மரம். கவ்வாத்து வெட்டிய மலையில் நல்ல கிளைவிட்ட ஒரு மிலாறைத் தேடி எடுத்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, அடுப்புக்கு மேலே காயவைத்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து மண் நிரப்பிய டின்னில் நட்டுவிடுவேன். அதில் தொங்கவிடத் தேயிலைக் காய் போதும். காய்ந்து வெடித்த கோது மூன்று இதழ்ப் பூப்போல விரிந்திருக்கும். பைன் காய் கிடைத்தால் அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் வையுங்கள். ஈரத்தில் மூடிக்கொண்டிருக்கும் செதில்கள் காய்ந்ததும் ஒவ்வொன்றாக விரியும். பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுங்கள்.

குடிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கட்டி, வைக்கோல் பரப்பித்தான் பாலன் குடிலை மக்களுக்குக் காட்டினார். அதுவும் ஏழை மலைவாசிகளின் குடில்தான். அதனால் பிளாஸ்ரிக் செற் வாங்காதீர்கள். கூரைக்கு மானாப்புல், தரைக்குப் போக்குச் (மதகுச்) சுவரில் படர்ந்த பாசி. பாசியை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். பசும்புல்லுக்குக் குரக்கனும் பயறும் தட்டில் தூவி முளைக்க வையுங்கள். அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்ட கைகளுக்கு இது புதிதல்ல. குளிரில் மெதுவாகத்தான் முளைக்கும், ஆகவே 10, 11ஆம் திகதியே போட்டுவிடுங்கள்.

உருவங்களைப் பிள்ளைகள் களிமண்ணில் பிடிக்கட்டும். எங்கள் குடிலில் இடையர்களுக்குப் பக்கத்தில், தலையில் கம்பளியும் முதுகில் கொழுந்துக் கூடையுமாக ஒரு பெண் நிற்கிறாள். மாமியின் அப்பா பிடித்தது. ஒரு கை உடைந்து ஒட்டியிருக்கிறது. பெத்லகேமில் கொழுந்து ஏது என்று என் மகன் சின்ன வயதில் கேட்டான். குளிரில் விடியற்காலையில் எழும்பி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலில் செய்தி வந்தது, அதில் இவளும் ஒருத்தி என்று மாமி சொன்னார். ஒவ்வொரு வருடமும் கடைசியாக அவளைத்தான் வைப்போம்.

கேக்கை ஆறவிட்டு, ஒரு நாள் மூடிவைத்து, பிறகு தீப்பெட்டி அளவுக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் சுற்றி, மேலே கலர்த் தாள் சுற்றினால் எட்டு அங்குலத் தட்டில் நாற்பது துண்டுக்குக் குறையாது. லயத்தில் எத்தனை வீடு என்று முதலே எண்ணிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு உங்களுக்கு முறுக்கும் அதிரசமும் வந்த தட்டுகள் இன்னும் குசினியில் இருந்தால் அதே தட்டில் வைத்து அனுப்புங்கள். சௌசௌ மட்டும் இந்தக் கிழமையே பறித்துவிடுங்கள், முற்றினால் நார் விழும்.